ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்: அந்த இரண்டு இரவுகளும் அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதும்

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். திருச்செந்தூர் முருகனுக்கு நெடுநாளாக ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை, அதனால் தனியாகவே கிளம்பினேன். சனிக்கிழமை மாலை எழும்பூரில் ஏறி ஞாயிறு காலை இறங்குவது, சாமி கும்பிட்டுவிட்டு அன்று இரவே அதே செந்தூர் எக்ஸ்பிரஸில் திரும்புவது, திங்கட்கிழமை தாம்பரத்தில் என் தையல் கடையைத் திறப்பது. இவ்வளவுதான் திட்டம். ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவுக்கு 34 கிறிஸ்துமஸ் உடுப்புகள் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். புதன்கிழமை கெடு. பாதிக்கு மேல் வெட்டி வைத்த துணியாகக் கிடந்தது. அதனால்தான் ஒரே நாளில் போய்வரும் அவசரம்.

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வடிந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளம் என்றால் சென்னையில்தான் என்று மனதில் பதிந்துபோயிருந்தது போலும். திருச்செந்தூரில் இறங்கும்போதே நல்ல மழை. நாழிக்கிணற்றுப் பக்கம் போக முடியவில்லை. கோயில் பிரகாரத்தில் நனைந்த புடவையோடு வரிசையில் நின்று சாமி பார்த்தேன். மத்தியானத்துக்கு மேல் அது சாதாரண மழையாக இல்லை. வானத்திலிருந்து யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி விட்டுவிடாமல் ஊற்றியது. லாட்ஜ் அறை ஒன்று எடுத்துத் தங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். எண்ணூறு ரூபாய் சொன்னார்கள். டிக்கெட் வீணாகுமே, உடுப்பு பாக்கி இருக்கிறதே என்று ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். அந்த எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடித்ததுதான் நான் செய்த முதல் தப்பு. பிறகு பத்திரிகையில் படித்தேன்: திங்கள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திருச்செந்தூரில் 69 செ.மீ., அடுத்த ஊரான காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்திருக்கிறது.

ரயில் இரவு 8.25-க்குக் கிளம்பியது. என் பையில் இருந்தவற்றை இன்னும் வரிசையாகச் சொல்வேன். அரை லிட்டர் தண்ணீர், பாதி பிஸ்கட் பாக்கெட், கொஞ்சம் பஞ்சாமிர்தம், இலை விபூதி, அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்குமான இரண்டே இரண்டு சர்க்கரை மாத்திரை, நாற்பது சதவீதம் சார்ஜ் இருந்த போன், 1,400 ரூபாய். மாற்றுப் புடவை நனைந்துபோய் கவரில் சுருட்டி இருந்தது. ஒரு ராத்திரிப் பயணத்துக்கு இது போதும் என்றுதான் யாரும் நினைப்போம்.

ஒன்பது மணிக்கு மேல் ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற வண்டி நகரவே இல்லை. முதல் அரை மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் ஆண்கள் இறங்கிப் போய்க் கேட்டார்கள். அடுத்த பகுதியில் பாதை அரித்திருக்கிறது, வண்டியை விட முடியாது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிவிட்டார். எங்கள் பெட்டியில் ஒரே கொந்தளிப்பு. "மெதுவா ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க", "திருநெல்வேலி முப்பது கிலோமீட்டர்தானே, அங்க போய் நிறுத்தட்டும்" என்று ஆளாளுக்குச் சத்தம். நானும் அதில் ஒருத்தி. என் 34 உடுப்புகள்தான் கண்ணுக்குள் நின்றன. அந்த மனிதரைப் பற்றி அன்று இரவு நான் பேசிய வார்த்தைகளை நினைத்தால் இப்போதும் மனசு குறுகிப்போகிறது.

எங்கள் எதிர் பெர்த்தில் ஒரு பெரியவர். சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தாயி, தண்டவாளம் உடைஞ்சா கூடப் பரவாயில்ல, தெரிஞ்சிரும். அடியில மண்ணு போனாத்தான் மோசம். மேல பாத்தா ரெண்டு கம்பியும் அப்படியே கிடக்கும். வண்டி ஏறுனாத்தான் தெரியும்." எனக்கு அப்போதுதான் வயிற்றில் ஏதோ செய்தது.

அவர் அன்றிரவும் மறுநாளும் சொன்னதை, பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதோடு சேர்த்துச் சொல்கிறேன். தண்டவாளம் தரையில் நேராக உட்கார்ந்திருப்பதில்லை. கீழே மண்கரை, அதன்மேல் ஜல்லி, ஜல்லிக்குள் புதைந்த கான்கிரீட் கட்டைகள், அவற்றின்மேல் தண்டவாளம். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இந்த மண்கரை வயலுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு அணை மாதிரி ஓடுகிறது. சாதாரண மழையில் ஒரு பக்கத்துத் தண்ணீர் கரைக்கு அடியிலுள்ள சிறு பாலங்கள் வழியாக மறுபக்கம் போய்விடும். குளங்கள் உடைந்து வெள்ளம் மொத்தமாக வரும்போது அந்தக் கண்கள் பத்தாது. தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி உயர்ந்து, கரையைத் தாண்டி மறுபக்கம் அருவியாக விழ ஆரம்பிக்கும். விழும் பக்கத்திலிருந்துதான் அரிப்பு தொடங்கும். முதலில் ஜல்லி, பிறகு மண். ஒவ்வொரு கான்கிரீட் கட்டையும் கால் டன்னுக்கு மேல் எடை. அவ்வளவு எடையையும் தாங்கிக்கொண்டு தண்டவாளம் அறுந்துபோகாமல் கயிற்று ஏணி போல அந்தரத்தில் தொங்கும். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே அப்படித் தொங்கிய பாதையின் படத்தை ஊருக்கு வந்த பிறகு பத்திரிகையில் பார்த்தேன். நான் படுத்திருந்த பெட்டி அதன்மேல் ஏறியிருக்க வேண்டியது.

இதில் என்னை ரொம்பவும் உலுக்கிய விஷயம் சிக்னல். பாதையில் ஆபத்து இருந்தால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்தப் பகுதியில் வேறு வண்டி இருக்கிறதா இல்லையா என்பதுதான் சிக்னல் ஏற்பாட்டுக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் மண் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு மனிதன் வேண்டும். மழைக்காலத்தில் இரவு முழுக்கப் பாதையில் நடக்கும் ரோந்துக்காரர்கள் அதற்குத்தான். கையில் விளக்கு, சிவப்புக் கொடி, விசில், தண்டவாளத்தில் கட்டும் வெடிகள். அரிப்பைக் கண்டால் வண்டி வரும் திசையில் ஓடிப்போய், அகலப்பாதை (பிராட்கேஜ்) என்றால் 600 மீட்டரில் ஒரு வெடியும் 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடியும் வைக்க வேண்டும். சக்கரம் ஏறி வெடித்த சத்தம் கேட்டதும் ஓட்டுநர் பிரேக் போடுவார். "கொட்டுற மழையில, முழங்கால் தண்ணியில, எந்த இடத்துல கால வைக்கமுன்னு தெரியாம ஓடணும். கரை நம்ம காலுக்கு அடியிலேயே சரியும்" என்றார் பெரியவர். அவரே இரண்டு முறை அப்படி வண்டியை நிறுத்தியிருக்கிறாராம். அதைப் பெருமையாகக் கூடச் சொல்லவில்லை.

சரி, அன்றிரவுக்கு வருகிறேன். நள்ளிரவு வாக்கில் கொஞ்சம் பேரை வண்டிகளில் ஏற்றிப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 300 பேர் போனார்கள். நான் போகவில்லை. காலையில் ரயில் கிளம்பிவிடும், போனால் தவறவிடுவோம் என்று பெர்த்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு சாலையையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ரயிலிலும் ஸ்டேஷனிலுமாக ஏறக்குறைய 500 பேர் மாட்டிக்கொண்டோம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்: பாதை அரித்துவிட்டது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வண்டி சில மணி நேரத்தில் கிளம்பும் என்று காத்திருக்காதீர்கள். தண்ணீர் வடிய வேண்டும், மண் கொட்ட வேண்டும், ஜல்லி போட வேண்டும், பிறகு சோதனை ஓட்டம். அந்தப் பாதையில் மறுபடி ரயில் ஓட மூன்று வாரம் அளவுக்கு ஆனது. அதிகாரிகளோ போலீசோ பாதுகாப்பான இடத்துக்கு வண்டி ஏற்பாடு செய்தால் முதல் நடையிலேயே ஏறிவிடுங்கள். அதே சமயம், யாரும் அழைக்காமல் நீங்களாகவே இறங்கித் தண்டவாளத்தின் வழியாக நடந்துவிடாதீர்கள். எங்கள் பெட்டி இளைஞர்கள் நாலைந்து பேர் அப்படிக் கிளம்பினார்கள். பெரியவர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இருட்டில் ஜல்லி இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்று போலத்தான் தெரியும்.

திங்கட்கிழமை விடிந்தபோது சுற்றிலும் தண்ணீர். வயல் எது, சாலை எது, குளம் எது என்று தெரியவில்லை. ஸ்டேஷன் மட்டும் தீவு மாதிரி இருந்தது. போன் டவர் போய்விட்டது. முந்தைய இரவே நான் வீட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் சார்ஜ் தீரும்வரை வீடியோ பார்த்துப் பொழுது போக்கினேன். இங்கே எனக்கு மகா சங்கடம். என் வீட்டுக்காரர் திங்கள் காலை முழுவதும் என்னைத் தேடி எழும்பூர் ஸ்டேஷனில் நின்றிருக்கிறார். ரயில் நின்ற செய்தியை டிவியில் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. வண்டி வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் உடனே வீட்டில் ஒருவருக்கு ரயில் எண், பெட்டி எண், நிற்கும் ஸ்டேஷன் பெயர் மூன்றையும் அனுப்பிவிடுங்கள். ரயில்வே உதவி எண் 139-க்கும் ஒரு முறை பேசிவிடுங்கள். பிறகு போனை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் போட்டுப் பாருங்கள்.

பெட்டியில் விளக்கும் இல்லை, கழிவறையில் தண்ணீரும் இல்லை. பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று எழுத வேண்டியதில்லை. நாங்கள் ஆறேழு பெண்கள் சேர்ந்து, ஒருவர் குடை பிடிக்க, மழைத்தண்ணீரை டப்பாவில் பிடித்து வைத்துச் சமாளித்தோம். குடிப்பதற்கும் கொஞ்சம் அதுதான். என் மாத்திரை காலையோடு தீர்ந்தது. சாப்பாடும் இல்லாமல் மத்தியானம் தலை சுற்றி விழப் பார்த்தேன். பஞ்சாமிர்தத்தை நாக்கில் வைத்து உட்கார வைத்தார்கள். முருகன் கொடுத்ததுதான் அன்று என்னைக் காப்பாற்றியது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். அப்புறம் பக்கத்து ஊர் மக்கள், தங்கள் வீடுகளிலேயே தண்ணீர் புகுந்திருக்க, சோறு பொங்கிச் சுமந்துகொண்டு வந்தார்கள். "சாப்பிடுங்கக்கா, பசியோட இருக்காதீங்க" என்று கையில் வைத்த அந்தப் பெண்ணின் சேலை இடுப்புவரை சேறு. அவள் பெயரைக் கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

இரண்டாம் இரவு முதல் இரவை விடக் கொடுமை. குழந்தைகள் அழுது அழுது தூங்கின. எனக்குத் தூக்கம் வரவில்லை. கெடு தவறப்போகிறது என்ற கவலை போய், உயிரோடு போவோமா என்ற பயம் வந்திருந்தது. பெரியவர் தனக்குத் தெரிந்த மழை இரவுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துக் கிடக்க, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதில் இறங்கியது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சாஸ்திரி விலகியது எனக்குப் பள்ளிக்கூடப் பாடமாகத் தெரியும். அது நம் பக்கத்துப் பாதை, இதே மாதிரி மழை இரவு, இதே மாதிரி தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் என்று அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அந்த இரவு அங்கே யாரும் வண்டியை நிறுத்த முடியவில்லை. எங்கள் இரவில் நிறுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் துணையோடு வெள்ளூர் வரை சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்தோம். என் செருப்பு முதல் நூறடியிலேயே சேற்றில் போய்விட்டது. வெறுங்காலோடு நடந்ததில் பாதத்தில் கண்ணாடி கிழித்து, வீட்டுக்கு வந்த பிறகு ஊசி போட வேண்டியதாயிற்று. வெள்ளூரிலிருந்து பேருந்தில் வாஞ்சி மணியாச்சி, அங்கிருந்து சிறப்பு ரயில். புதன்கிழமை, 20-ஆம் தேதி, சென்னை. திங்கள் காலை சேர வேண்டியவள் இரண்டு நாள் தாமதமாகச் சேர்ந்தேன்.

புதன்கிழமைதான் கெடு என்று சொன்னேன் அல்லவா. தேவாலயத்தில் நிலைமை புரிந்துகொண்டார்கள், ஆனால் அவர்களுக்கும் உடுப்பு வேண்டுமே. வேறு இடத்தில் தயாராக இருந்ததை வாங்கிவிட்டார்கள். முன்பணம் 9,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். வெட்டிய துணி, கூலி, எல்லாம் சேர்த்து என் கணக்கில் 22,000 ரூபாய் போனது. அழுதேன். இரண்டு நாள் கழித்து, உயிர் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். இரண்டுமே உண்மை.

டிக்கெட் பணம் பற்றிப் பலர் கேட்டார்கள். எங்களை ரயில்வேயே சிறப்பு ரயிலில் கொண்டுவந்து சேர்த்ததால் நான் எதுவும் கேட்கவில்லை. பொதுவான விதி இதுதான். வெள்ளத்தாலோ மண்சரிவாலோ வண்டி வழியில் நின்றுபோய், ரயில்வே மாற்று ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மாற்று ஏற்பாடு செய்தும் நீங்கள் அதில் போக விரும்பாவிட்டால், பயணம் செய்யாத தூரத்துக்குரிய பணம் கிடைக்கும். இரண்டுக்கும் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்ய வேண்டும். ஆன்லைன் டிக்கெட் என்றால் ஆன்லைனிலேயே செய்யலாம். கவுன்டர் டிக்கெட் என்றால் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். களைப்பில் டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். வண்டியே ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாக வந்துவிடும். நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வரும் வண்டியில் பயணம் வேண்டாம் என்று முடிவு செய்தால், அது கிளம்பும் முன்பே டிடிஆர் போட்டால் முழுப் பணமும் உண்டு. இது தெரியாமல் விட்டவர்கள் நிறைய.

மலைப்பாதை, கடலோரப் பாதை போகிறவர்களுக்கும் இதே கதைதான், அங்கே மண்ணோடு பாறையும் சேர்ந்துகொள்ளும். மேட்டுப்பாளையம், குன்னூர் மலை ரயில் வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் அடிக்கடி ரத்தாகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை நம்பி அறை, கார் எல்லாம் முன்பணம் கட்டி வைக்காதீர்கள். மகாராஷ்டிரா, கோவா வழியாகப் போகும் கொங்கண் பாதையில் 2003-இல் வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் ரயில் மோதி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு விபத்து. அங்கே மழை மாதங்களுக்கென்று தனி கால அட்டவணையே இருக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள், கண்தெரியாத மழையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து குஜராத் பக்கம் போகும் ரயில் அந்த வழிதான். மழை மாதங்களில் கிளம்பும் நேரமே மாறியிருக்கும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

என் பையில் இப்போது எப்போதும் மூன்று நாளுக்கான மாத்திரை, இரண்டு லிட்டர் தண்ணீர், வேர்க்கடலை உருண்டை, பவர் பேங்க், சிறு டார்ச், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஆதார் நகலும் இரண்டாயிரம் ரூபாயும், பின்னால் வார் வைத்த செருப்பு இருக்கும். சுமை கொஞ்சம் கூடுதல்தான். அதைவிட முக்கியமாக, போகும் ஊருக்கு மட்டும் வானிலை பார்ப்பதை விட்டுவிட்டேன். ரயில் கடந்து போகும் மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் பார்க்கிறேன். சிவப்பு எச்சரிக்கை இருந்தால் இரவு வண்டி வேண்டாம். குளமும் வயலும் நிறைந்த கிளைப் பாதையில் கண்டிப்பாக வேண்டாம்.

பெரியவரோடு இப்போதும் போனில் பேசுகிறேன். அதற்கடுத்த வருடம் கார்த்திகையில் திருச்செந்தூர் போக டிக்கெட் எடுத்திருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மழை பலமாக இருக்கிறது என்று செய்தி. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "குளம் எல்லாம் ரொம்பிக் கிடக்கு தாயி. முருகன் எங்கயும் போவ மாட்டாரு. ஒரு வாரம் கழிச்சி வா" என்றார். டிக்கெட்டை ரத்து செய்தேன். பிடித்தம் போக மீதிப் பணம் நாலாம் நாள் வங்கிக் கணக்கில் வந்தது.